டெத் மெட்டலா, ப்ராக் மெட்டலா: டிக்கெட் எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு பஞ்சாயத்து

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக அங்கங்கே சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

2009-ல ஐஐடி மெட்ராஸ் சாரங் விழாவுல ஸ்வீடன் நாட்டு பேண்ட் ஒண்ணு வந்து வாசிச்சுட்டுப் போனாங்க. பேரு ஓப்பெத். நான் அப்போ போடியில ஸ்கூல் பையன். டிரவுசர்ல இருந்து பேண்ட்டுக்கு மாறுன வருஷம், அவ்வளவுதான் ஞாபகம். பின்னாடி இன்ஜினியரிங் ஹாஸ்டல்ல சீனியர் அண்ணன்கள் அந்தக் கச்சேரிய பத்திப் பேசுறதைக் கேட்டிருக்கேன். வேடிக்கை என்னன்னா, அவங்க பாட்டைப் பத்திப் பேசுனது கம்மி. "அது டெத் மெட்டல்டா." "இல்ல மாப்ள, அது ப்ராக். நடுவுல அக்கூஸ்டிக் கிட்டார் வருதுல்ல?" "அக்கூஸ்டிக் வந்தா ப்ராக்கா? அப்போ இளையராஜாவும் ப்ராக்தான்." இப்படியே விடியும்.

இன்னைக்கு எபிசோட் அந்தச் சண்டைய பத்தித்தான். மெட்டல் கேக்குறவன் எல்லாம் ஏன் பேருக்கு இப்படி அடிச்சுக்கிறான்? த்ராஷ், டெத், பிளாக், டூம், ஜென்ட்னு ஐம்பது பேரு எதுக்கு? வெளியில இருந்து பாக்குறவங்களுக்கு எல்லாம் ஒரே கத்தல் மாதிரிதானே இருக்கு? அதுவும் கச்சேரி அறிவிப்பு வந்தா இந்தச் சண்டை ரெண்டு மடங்காயிரும். அதுக்கு ஒரு நியாயம் இருக்குன்னுதான் நான் நினைக்கிறேன்.

பெங்களூர்லயே இருக்கிறவனுக்கு ஒரு கச்சேரி பிடிக்கலன்னா ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குப் போயிரலாம். போடியில இருந்து போறவன் கணக்கு வேற. போக ஒரு ராத்திரி பஸ், வர ஒரு ராத்திரி பஸ், டிக்கெட், சாப்பாடு, வேலைக்கு லீவு. எங்க குரூப்ல ஒருத்தன் ஏலக்காய் ஸ்டோர்ல வேலை பாக்குறான். அவனுக்கு லீவுன்னா அன்னைக்குக் கூலி கிடையாது. மெட்ராஸ்ல கச்சேரின்னா இப்போ பரவாயில்ல, 2023 ஜூன்ல இருந்து சென்னைக்கு நேரா ரயில் இருக்கு, வாரத்துல மூணு நாள். அதுக்கு முன்னாடி, 2010 கடைசியில மீட்டர் கேஜ் லைனை நிறுத்துனதுல இருந்து, பன்னெண்டு வருஷத்துக்கு மேல எங்க ஊருக்கு ரயிலே இல்ல. ஒரு தலைமுறைப் பசங்க மெட்டலை முழுக்க முழுக்க இயர்போன்லயே கேட்டு வளர்ந்திருக்காங்க. அப்படிப்பட்டவன் "இது டெத்தா, மெட்டல்கோரா? கரெக்டாச் சொல்லு"ன்னு கேட்டா, அவன் ஜாதகம் பாக்கல. ரெண்டு நாள் கூலியைப் போடலாமா வேணாமான்னு பாக்குறான்.

அப்புறம் போனாலும் நடக்கும்னு கேரண்டி கிடையாது. 2011 அக்டோபர் 28-ஆம் தேதி குர்கான்ல மெட்டாலிக்கா கச்சேரி. கூட்டம் வந்து நின்னதுக்கப்புறம் நிறுத்திட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ்ல வாசிச்சாங்க. நம்ம பக்கத்து ஆளுங்க தப்பிச்சாங்க.

ஏலக்காய் மூட்டைக்கு எத்தனை பேரு?

சப்-ஜானர்னா என்னன்னு விளக்க எனக்கு எங்க ஊர் சரக்கைத் தவிர வேற நல்ல உதாரணம் கிடைக்கல. எங்க அத்தை ரொம்ப வருஷம் ஏலக்காய் பொறுக்கப் போனவங்க. காய்ஞ்ச காயை மேசையில கொட்டி, நெறம் மங்குனது, வாய் பிளந்தது, சொத்தை எல்லாத்தையும் தனியா எடுக்குற வேலை. அதுக்கப்புறம் சல்லடை. ஏழு மில்லிமீட்டருக்கு மேல நிக்கிறது ஒரு தரம், ஆறு ஒரு தரம், அஞ்சு ஒரு தரம். அக்மார்க் கணக்குல முதல் தரத்துக்குப் பேரு ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்ட். அடுத்தது ஆலப்பி கிரீன் போல்ட். அதுக்கடுத்தது ஆலப்பி கிரீன் சுப்பீரியர்.

இந்தப் பேரைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. "ஆலப்பி"ங்கிறது ஊரு. ஆனா ஆலப்புழையில ஏலக்காய் விளையாது. கடற்கரை அது. மலையில விளைஞ்ச திருவிதாங்கூர் சரக்கு அந்தக் காலத்துல ஆலப்புழைக்குப் போய், அங்க இருந்து வெளிய போனதால ஒட்டுன பேரு. "கிரீன்" நெறம். "எக்ஸ்ட்ரா போல்ட்" அளவு. இது போக செடிக்குத் தனியா ஒரு பேரு இருக்கு. மலபார், மைசூர், வழுக்கை. மலபார்ல பூங்கொத்து தரையோட படரும். மைசூர்ல நிமிர்ந்து நிக்கும். வழுக்கைங்கிறது ரெண்டும் தானாக் கலந்து வந்ததுன்னு சொல்றாங்க, பூங்கொத்தும் பாதி நிமிர்ந்து நிக்கும். ஆக ஒரே மூட்டைக்குத் துறைமுகத்துப் பேரு, நெறத்துப் பேரு, அளவுப் பேரு, செடிப் பேருன்னு நாலு இருக்கு. இதுக்காக யாரும் சட்டையைப் பிடிக்கிறதில்ல. ஏன்னா எந்தப் பேரு எதை அளக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும்.

மெட்டல்ல நடக்குற சண்டையில முக்கால்வாசி இந்த இடத்துலதான் வருது. பேரு ஒவ்வொண்ணும் வேற வேறதை அளக்குது. "டூம்"ங்கிறது வேகத்தை அளக்குது. "காதன்பர்க்"ங்கிறது ஊரு. "வைக்கிங் மெட்டல்"ங்கிறது பாட்டுல என்ன கதை வருதுன்னு சொல்லுது. "ஜென்ட்"ங்கிறது கிட்டார்ல வர்ற ஒரு சத்தம். ஒருத்தன் சல்லடையை வச்சுக்கிட்டு அளக்குறான், இன்னொருத்தன் செடியைப் பாத்துச் சொல்றான். ரெண்டு பேரும் சரியாத்தான் சொல்றாங்க, ஆனா ராத்திரி முழுக்க முடியாது.

நான் வேலை பாக்குற துறையில சொல்லணும்னா, ஒரு ஃபைலை ஒரே ஃபோல்டர்லதான் வைக்க முடியும்னு நினைக்கிறவனுக்கும், ஃபைல் மேல பத்து டேக் ஒட்டலாம்னு நினைக்கிறவனுக்கும் நடக்குற சண்டை இது. மெட்டல் பேண்ட் எதுவும் ஒரு ஃபோல்டருக்குள்ள அடங்காது. டேக் ஒட்டிக்கிட்டே போகலாம். அதுக்கும் அளவு இருக்கு. எவ்ரி நாய்ஸ் அட் ஒன்ஸ்னு ஒரு தளம், ஸ்பாட்டிஃபை தரவை வச்சு எல்லா இசை வகையையும் வரைபடமாப் போட்டது. ஆறாயிரத்துக்கு மேல வகை. அதைப் பாத்தா நமக்கு இசை மேலயே வெறுப்பு வந்துரும்.

காதுக்கு என்ன வித்தியாசம்?

சரி, கேக்குறப்போ எப்படிப் பிரிக்கிறது? எங்க பக்கம் தெரு முனையில மேளச் சத்தம் கேட்டாலே வீட்டுக்குள்ள கண்ணை மூடிக்கிட்டு இருக்கிற பாட்டி சொல்லிரும், சாவா சாமி கும்பிடான்னு. தப்பு அதே தப்புதான், அடிக்கிற ஆளும் அவங்கதான். அடி மாறும். மெட்டலையும் முதல்ல டிரம்ஸ்லதான் பிரிக்கணும். புதுசா கேக்குறவங்க எல்லாரும் குரலைக் கேட்டே மிரண்டு போயிருறாங்க. குரலை விடுங்க, டிரம்ஸைக் கேளுங்க.

ஆரம்பம் பிளாக் சப்பாத். இங்கிலாந்துல பர்மிங்காம், தொழிற்சாலை ஊரு. முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13. கிட்டார் வாசிச்ச டோனி அயோமி பதினேழு வயசுல தகரம் வெட்டுற தொழிற்சாலையில வேலை பாத்தப்போ மெஷின்ல மாட்டி வலது கையில ரெண்டு விரல் நுனி போச்சு. அவரு இடது கைப் பழக்கக்காரர், அதனால கம்பியை அமுக்க வேண்டிய கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு மூடி செஞ்சு மாட்டிக்கிட்டு வாசிச்சாரு. கம்பி இறுக்கமா இருந்தா வலிக்கும்னு மெலிசான கம்பி போட்டாரு. 1971-ல வந்த மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டில கம்பியைத் தளர்த்தி சுருதியையும் இறக்கிட்டாரு. சுருதி இறங்குனா சத்தம் கனமாகும். அந்தக் கனம்தான் இன்னைக்கு வரைக்கும் மெட்டலோட அடையாளம். வலி குறையணும்னு செஞ்சது ஒரு இசையோட சத்தமா ஆகிப்போச்சு.

அந்தக் கனத்தை வச்சுக்கிட்டு மெதுவாப் போனா டூம். ஸ்வீடன்ல கேண்டில்மாஸ்னு ஒரு பேண்ட், 1986-ல வந்த முதல் ஆல்பத்துப் பேருலயே டூமைப் போட்டுட்டாங்க. ஸ்லீப்னு ஒரு பேண்ட் டோப்ஸ்மோக்கர்னு ஒரு ஆல்பம் போட்டிருக்கு. ஒரே பாட்டு 63 நிமிஷம். போடிமெட்டு பதினேழு கொண்டை ஊசியும் ஏறி முடிச்சாலும் பாட்டு முடியாது.

அதையே வேகமாப் போனா த்ராஷ். மெட்டாலிக்காவோட முதல் ஆல்பம் 1983. ஸ்லேயரோட ரெய்ன் இன் பிளட் 1986, பத்துப் பாட்டு, மொத்தமே அரை மணி நேரத்துக்குள்ள. வலது கை கிட்டார் கம்பியை உள்ளங்கை ஓரத்தால அமுக்கிக்கிட்டே படபடன்னு அடிக்கும். அந்தக் குதிரை ஓட்டம் மாதிரி சத்தம் கேட்டா த்ராஷ் பக்கம். இன்னும் வேகமா, இன்னும் சின்னதா போனா கிரைண்ட்கோர். நேபாம் டெத் 1987 ஆல்பத்துல ஒரு பாட்டு ஒரு செகண்டும் கொஞ்சமும்தான். கின்னஸ்ல ஏறிருக்கு. நான் தும்முனாகூட அதை விட நேரமாகும்.

டெத் மெட்டல் அமெரிக்காவுல, குறிப்பா ஃப்ளோரிடா மாநிலம் டாம்பா பக்கம் கெட்டியாச்சு. டெத்ங்கிற பேண்டோட முதல் ஆல்பம் 1987. அங்க மோரிசவுண்டுன்னு ஒரு ஸ்டுடியோ, ஏகப்பட்ட பேண்ட் அங்கதான் பதிவு பண்ணாங்க. அதனால "ஃப்ளோரிடா சவுண்டு"னு சொன்னா கேக்குறவனுக்குச் சட்டுனு பிடிபடும். ஆலப்பி கிரீன் மாதிரி, சரக்கு எந்த வழியா வந்துச்சுங்கிறதே தரத்துக்குப் பேராயிருச்சு. குரல் அடித்தொண்டையில உறுமும், அதைத்தான் க்ரௌல்னு சொல்றோம். டிரம்ஸ்ல கால் ரெண்டும் நிக்காம ஓடும்.

பிளாக் மெட்டல் வேற. பேரு வந்தது இங்கிலாந்து வெனம் பேண்டோட 1982 ஆல்பத்துல இருந்து. அந்த சத்தம் உருவானது பத்து வருஷம் கழிச்சு நார்வேயில. குரல் உறுமாது, கீச்சுனு கிழியும். கிட்டார் நிறுத்தாம ஒரே கம்பியை மேலயும் கீழயும் அடிச்சுக்கிட்டே இருக்கும். பதிவுத் தரமும் வேணும்னே மட்டமா இருக்கும். தகரக் கூரை மேல மழை பெய்யுறப்போ உள்ள ரேடியோ கேக்குற மாதிரி. எனக்கு அது பிடிக்கும். எங்க மலையில ஜூலை மாச மூட்டத்துல ஜீப்ல போறப்போ அதை விடப் பொருத்தமா வேற எதுவும் இல்ல. வீட்ல கேட்டா ரேடியோ கெட்டுப் போச்சான்னு கேக்குறாங்க.

ஓப்பெத் கணக்கு

இப்போ ஹாஸ்டல் சண்டைக்கு வருவோம். ஓப்பெத்தோட பாட்டு ஒண்ணொண்ணும் பத்து நிமிஷம் சாதாரணமாப் போகும். 1996 ஆல்பத்துல இருபது நிமிஷப் பாட்டு ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள க்ரௌல் வரும், பாய்ச்சல் வரும், திடீர்னு எல்லாம் அடங்கி ஒரு அக்கூஸ்டிக் கிட்டார், சுத்தமான குரல். பாடுறவர் மிக்கேல் ஓக்கர்ஃபெல்ட். ரெண்டு குரலும் அவர்தான். 2001-ல பிளாக்வாட்டர் பார்க். அதுக்கப்புறம் 2002-ல ஒரு கனமான ஆல்பம், 2003-ல டாம்னேஷன்னு ஒரு மெல்லிசான ஆல்பம், ரெண்டையும் சேர்த்தே பதிவு பண்ணாங்க. டாம்னேஷன்ல ஒரு உறுமல்கூட கிடையாது. சாரங்குக்கு வந்தப்போ கையில இருந்த புது ஆல்பம் 2008-ல வந்த வாட்டர்ஷெட். அதுல ரெண்டும் இருக்கு.

அதனால "டெத்தா ப்ராக்கா"ன்னு 2009-ல கேட்டா பதில் "ரெண்டும்"தான். டெத்ங்கிறது சத்தத்துக்குப் பேரு. ப்ராக்ங்கிறது பாட்டைக் கட்டுற விதத்துக்குப் பேரு, பல்லவி, சரணம்னு திரும்பி வராம கதை மாதிரி நகர்ந்துக்கிட்டே போறது. அளவு வேற, செடி வேற. ஆனா இந்தப் பதிலை ஹாஸ்டல்ல சொல்லியிருந்தா ரெண்டு பக்கமும் அடிச்சிருப்பாங்க.

இதுல நிஜமா பணம் போற இடம் 2011-ல வந்துச்சு. ஹெரிடேஜ்னு ஒரு ஆல்பம். உறுமல் மொத்தமாக் காணாமப் போச்சு, 1970-கள் ராக் மாதிரி ஒரு ஆல்பம். அந்த வருஷக் கடைசியில அமெரிக்காவுல சுத்துனப்போ மேடையிலயும் க்ரௌல் இல்லாத பாட்டுகளையே எடுத்து வாசிச்சாங்க, பழைய பாட்டு உட்பட. இப்போ யோசிங்க. "டெத் மெட்டல் பேண்ட்"ங்கிற பேரை நம்பி ராத்திரி பஸ் ஏறி வந்தவன் ஒருத்தன். "ப்ராக் பேண்ட்"னு வந்தவன் இன்னொருத்தன். ஒரே டிக்கெட், ஒரே மேடை. ஒருத்தன் நொந்துபோய் வெளிய வர்றான், இன்னொருத்தன் மிதந்துக்கிட்டு வர்றான். ஓப்பெத் யாரையும் ஏமாத்தல. அவங்க பேரு மாறிருச்சு, பழைய லேபிள் சாக்குல அப்படியே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் 2024 ஆல்பத்துல உறுமல் திரும்பி வந்துச்சு. பழைய லேபிளைக் கிழிக்காம வச்சிருந்தவன் இப்போ காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

இதனால நான் கச்சேரிக்கு முன்னாடி பேண்டோட லேபிளைப் பாக்குறத விட, கடைசி ஆல்பத்தோட லேபிளையும், கடைசி நாலஞ்சு ஊர்ல என்ன பாட்டு வாசிச்சாங்கன்னும் பாப்பேன். எங்க ஊர்ல ஸ்பைசஸ் போர்டு நடத்துற ஈ-ஏலத்துலயும் வியாபாரி சாம்பிள் காயைக் கையில வாங்கிப் பாத்துட்டுத்தான் பட்டனை அழுத்துவாரு. தரத்தோட பேரு எழுதியிருந்தாலும் நசுக்கிப் பாக்காம விட மாட்டாரு.

"வேத மெட்டல்"ங்கிற பேரு

தமிழ் ஆளுங்க வச்ச பேரு ஒண்ணும் இந்தப் பட்டியல்ல இருக்கு. சிங்கப்பூர்ல 1992-ல ருத்ரான்னு ஒரு பேண்ட் ஆரம்பிச்சாங்க. பாடுறதும் பேஸ் வாசிக்கிறதும் கதிர். சத்தம் அப்பட்டமான டெத், த்ராஷ் கலவை. பாட்டுக்குள்ள சம்ஸ்கிருத மந்திரம், வேதாந்தம். பிரம்மவித்யான்னு ஒரு மூணு ஆல்ப வரிசை, முதல் பாகம் 2005. தங்களோட இசைக்கு அவங்களே வச்ச பேரு வேதிக் மெட்டல்.

இந்தப் பேரு கதையை அளக்குது, சத்தத்தை அளக்கல. இசை மட்டும் கேட்டா ஃப்ளோரிடாப் பக்கத்துச் சரக்கு மாதிரியே இருக்கும். பாத்தோரிங்கிற ஸ்வீடன் பேண்ட் 1990-ல வைக்கிங் காலத்துக் கதைகளைப் பாடுனதுல இருந்து "வைக்கிங் மெட்டல்"னு பேரு நிலைச்ச மாதிரி. ஆனா சிங்கப்பூர்ல ஒரு சிறுபான்மைச் சமூகத்துப் பசங்க, ஆங்கிலத்துலயே ஓடுற ஒரு உலக இசைக்குள்ள போய் "இதுல எங்க வீட்டுப் பொருள் இருக்கு"ன்னு பலகை மாட்டுறது சின்ன விஷயம் இல்ல. யாரோ விமர்சகர் வச்ச பேரு இல்ல அது, வாசிக்கிறவன் வச்சுக்கிட்ட பேரு. அதுக்கு ஒரு மரியாதை கொடுக்கணும்னு நினைக்கிறேன். அதே நேரம், "வேதம்"ங்கிற சொல்லைக் கேட்டதும் நம்ம ஊர்ல எல்லாருக்கும் ஒரே மாதிரி மணக்காது. யாரு படிக்கலாம், யாரு காதுல விழக்கூடாதுன்னு ஒரு பழைய கணக்கு அதுக்குப் பின்னாடி இருக்கு. அந்தச் சொல்லை ஒரு கனமான டிஸ்டார்ஷனுக்கு மேல வச்சு எல்லார் காதுலயும் ஊத்துறதே ஒரு பதில்தான்னு எனக்குத் தோணும். பேண்ட் அப்படி நினைச்சாங்களான்னு இல்ல, நான் அப்படிக் கேக்குறேன்.

லேபிள் எச்சரிக்கையா இருக்க வேண்டிய இடமும் உண்டு. நார்வே பிளாக் மெட்டல் கதையில இசை மட்டும் இல்ல. 1992-ல ஃபான்டாஃப்ட் தேவாலயம் எரிஞ்சுச்சு, 1993-ல பர்ஸம் ஆளு மேஹெம் ஆளைக் கொலை பண்ணான். அந்தக் கூட்டத்துல ஒரு கிளை பின்னாடி நாஜி கொள்கையையே பாட்டாக்கி, அதையும் ஒரு சப்-ஜானர் மாதிரி பேரு வச்சு சுத்துது. இங்க வந்து "லேபிள் எல்லாம் முக்கியம் இல்ல ப்ரோ, மியூசிக்கைக் கேளு"ன்னு ஒருத்தன் சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். நம்மள மாதிரி தோல் நெறம் இருக்கிறவனை ஆளாவே மதிக்காத ஒருத்தனோட டீ-ஷர்ட்டைத் தெரியாம வாங்கி மாட்டிக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி அந்த லேபிளைப் படிக்கணும்.

ஜென்ட் ஒரு ஜானரா?

இது நிறைய பேர் கேட்ட கேள்வி, சுருக்கமாச் சொல்லிர்றேன். ஸ்வீடன் மெஷுகா பேண்டோட கிட்டார்ல, கனமான கம்பியை அமுக்கி அடிக்கிறப்போ "ஜ்ஜென்ட்"னு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தமே பேராயிருச்சு. கிண்டலா ஆரம்பிச்சது. பெரிஃபெரிங்கிற அமெரிக்க பேண்டைத்தான் இந்தப் பேருக்கு எடுத்துக்காட்டாச் சொல்வாங்க. அவங்களே 2023-ல ஒரு ஆல்பத்துக்கு "ஜென்ட் ஒரு ஜானரே இல்ல"ங்கிற அர்த்தத்துல பேரு வச்சாங்க. அதுக்கப்புறமும் சண்டை நிக்கல.

நமக்கு இதுல ஒரு வசதி இருக்கு. டிரம்ஸ்காரர் கை நேரா நாலு நாலா எண்ணிக்கிட்டு இருக்கும். கிட்டார் ஏழு ஏழாப் போகும். கேக்குறவனுக்கு அடி தவறுன மாதிரி இருக்கும், ஆனா தவறாது. ஆதி தாளத்துல எட்டுக்கு மேல ஏழை ஓட்டுனா ஐம்பத்தாறாவது எண்ணிக்கையில ரெண்டும் சமத்துல வந்து உக்காரும்னு மிருதங்கம் கத்துக்கிற எட்டாவது படிக்கிற பொண்ணுக்குத் தெரியும். பெங்களூர் ப்ராஜெக்ட் மிஷ்ரம் மாதிரி பேண்ட் கர்நாடக இசையை இதுக்குள்ள கொண்டு வந்தப்போ ஒட்டுப் போட்ட மாதிரி தெரியாததுக்கு இதுதான் காரணம். டெல்லியில ஸ்கைஹார்பர் 2012-லயே முதல் ஆல்பம் போட்டுட்டாங்க. அதே டெல்லி பிளட்டிவுட் 2025 ஆல்பத்துக்கு "நு டெல்லி"ன்னு பேரு வச்சு, நு மெட்டல்ங்கிற லேபிளைத் தானே எடுத்து நெத்தியில ஒட்டிக்கிட்டாங்க. நு மெட்டலை மெட்டலே இல்லன்னு ஒதுக்குற கூட்டம் பெருசு. 2002-ல ஆரம்பிச்ச என்சைக்ளோபீடியா மெட்டாலம்னு ஒரு பெரிய தகவல் களஞ்சியம் இருக்கே, அதுலயே அந்த மாதிரி பேண்டுகளைப் பொதுவாச் சேர்க்குறதில்ல. அங்க இடம் கிடைக்கிறது பிஎஃப் கிளெய்ம் வாங்குற மாதிரி.

"அஞ்சு ஆல்பம் பேரு சொல்லு பாப்போம்"

லேபிள் கெட்டுப் போறது இங்கதான். ஒரு தம்பி எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிருந்தான், தேனி காலேஜ்ல படிக்கிறான். "அண்ணே, கூடப் படிக்கிற பொண்ணு ஒருத்தங்க பேண்ட் டீ-ஷர்ட் போட்டுட்டு வந்தாங்க. எங்க செட்டு பசங்க சுத்தி நின்னு, அது என்ன சப்-ஜானர், அஞ்சு ஆல்பம் சொல்லுன்னு கேட்டு அழ வச்சுட்டாங்கண்ணே. அவங்களையும் கச்சேரிக்குக் கூட்டிட்டுப் போலாம்னு இருந்தோம், இப்போ வர மாட்டேங்குறாங்க."

தம்பி, நான் அவனுக்குச் சொன்னதையே இங்கயும் சொல்றேன். வழி சொல்றதுக்கு மாட்டுன பலகையைப் பிடுங்கி வழியை மறிக்கிற கம்பா நட்டுட்டாங்க உங்க செட்டு. எங்க அத்தை பொறுக்குற மேசைக்குப் புதுசா ஒரு பிள்ளை வந்தா "எக்ஸ்ட்ரா போல்டுக்கும் போல்டுக்கும் வித்தியாசம் சொல்லு"ன்னு மிரட்ட மாட்டாங்க. ரெண்டு காயைக் கையில கொடுத்து "உருட்டிப் பாரு தாயி"ம்பாங்க. ரெண்டு நாள்ல பிள்ளைக்கு விரல்ல பழகிரும். ஒரு பேண்ட் பிடிச்சிருந்தா அதே மாதிரி இன்னொண்ணு கண்டுபிடிக்கத்தான் சப்-ஜானர். அந்தப் பொண்ணுகிட்ட கேக்க வேண்டியது "உங்களுக்கு இதுல எந்தப் பாட்டு பிடிக்கும்?"ங்கிறது. பதில் வந்தா, "அப்போ இதையும் கேட்டுப் பாருங்க"ன்னு ஒரு லிங்க். அவ்வளவுதான் வேலை. முதல்ல மன்னிப்புக் கேக்கச் சொல்லு.

இன்னொண்ணு, பொண்ணுங்க மெட்டல் கச்சேரிக்கு வர்றதுக்கு லேபிள் தெரிஞ்சிருக்க வேண்டியது இன்னொரு விதத்துல முக்கியம். எந்த வகைன்னு தெரிஞ்சா கூட்டம் எப்படி நடந்துக்கும்னு ஓரளவு ஊகிக்கலாம். த்ராஷ், ஹார்ட்கோர் பக்கம் போனா நடுவுல வட்டமா ஓடுவாங்க, மோதுவாங்க. மெட்டல்கோர்ல கூட்டம் ரெண்டாப் பிரிஞ்சு நேருக்கு நேர் ஓடி வந்து மோதுறதும் உண்டு. டூம் கச்சேரியில எல்லாரும் நின்ன இடத்துல தலையை மட்டும் மெதுவா ஆட்டுவாங்க, ஜல்லிக்கட்டுக் காளை இல்ல, உழவு மாடு. ப்ராக் கச்சேரியில பாதிப் பேரு கையைக் கட்டிக்கிட்டு டிரம்ஸ்காரர் காலையே பாத்துக்கிட்டு நிப்பாங்க, பெரும்பாலும் நம்ம இன்ஜினியர் பயலுகதான். எங்க நிக்கணும், கண்ணாடியைக் கழட்டி பையில வைக்கணுமா, செருப்பா ஷூவான்னு இதெல்லாம் இந்தப் பேருகள்ல இருந்தே தெரிஞ்சுக்கலாம். வட்டத்துக்குள்ள யாராவது விழுந்தா உடனே தூக்கி விடணும். எந்த வகையா இருந்தாலும் அது மாறாது.

கடைசியா ஒரு பொதுத் தகவல். நூறு டெசிபல் சத்தத்துல பாதுகாப்பா நிக்கலாம்னு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சொல்ற அளவு பதினஞ்சு நிமிஷம். மெட்டல் கச்சேரி அதைத் தாண்டும், ரெண்டு மணி நேரம் ஓடும். மருந்துக் கடையில காதுல வைக்கிற நுரை அடைப்பான் கிடைக்கும், விலை ஒரு டீ வடைக் காசுக்குப் பக்கத்துலதான் வரும். போடியில கிடைக்கலன்னா தேனியில வாங்கிக்கலாம். பஸ் ஏறுறதுக்கு முன்னாடி வாங்கிருங்க, அங்க போய்த் தேட நேரம் இருக்காது. திரும்பி வர்ற பஸ்ல டிரைவர் போடுற பாட்டுக்கும் அது உதவும்.